கன்னியம்மாவின் கிருமி

சமீபத்தில் படூரில் இருக்கும் என் தங்கை மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் புட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். "குடிங்க பெரிம்மா. இதுல நல்ல பாக்டீரியா இருக்கு. வயித்துல இருக்குற கெட்ட பாக்டீரியாவை விரட்டிடும்" என்றாள். குடித்தேன். இனித்தது. அவளும் என்னைப் போல ஆய்வுக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறாள், நாவலூரில். அங்கே எல்லாம் இயந்திரம். ரத்தத்தை ஒரு பக்கம் வைத்தால் முடிவு மறுபக்கம் அச்சாகி வந்துவிடுகிறது. "விரட்டிடும்" என்று அவள் சர்வசாதாரணமாகச் சொன்ன அந்த வார்த்தையைச் சொல்வதற்கு நாங்கள் ஒரு காலத்தில் எவ்வளவு தயங்கினோம் என்று அவளுக்குச் சொன்னேன். கேட்டு முடித்தவள், "இதையெல்லாம் எழுதி வைங்களேன்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். செங்கல்பட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில், தலை நரைக்கும் வரை வேலை பார்த்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன், மெட்ராஸில் பயிற்சி பெற்றேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண்ணாடிக் குழாய்களைக் கழுவினேன், சரியாகக் கழுவவில்லை என்று சொன்னார்கள், மறுபடி கழுவினேன். ஒரு நாள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, ஒரு சொட்டு ஏரித் தண்ணீருக்குள் எதெதுவோ ஓடுவதைப் பார்த்தேன். அன்றிலிருந்து எந்தத் தண்ணீரையும் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை. அதைப் பயம் என்று சொல்ல மாட்டேன். ஆள் நடமாட்டமில்லை என்று நினைத்து ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், கூடம் முழுக்க ஜனம் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி ஒரு கூச்சம்.

ஐம்பதுகளின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆய்வுக்கூடத்தின் பொறுப்பில் இருந்தவர் டாக்டர் சபாபதி. ஒல்லியான மனிதர். இடது தோளில் எப்போதும் ஒரு துவாலை. எதைத் தொடுவதற்கு முன்னும் கை கழுவுவார், தொட்ட பிறகும் கழுவுவார்; விரல் நுனியெல்லாம் ஊறிப்போன தோல் மாதிரி சுருங்கியிருக்கும். வெளிநாட்டில் கொஞ்ச காலம் கிருமியியல் படித்துவிட்டு வந்தவர். அவர் யாரையும் அதட்டியதில்லை. அதட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கிருமி வளர்த்த தட்டை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "என்ன பார்க்குறீங்க?" என்று கேட்பார். "சீதபேதிக் கிருமி சார்" என்பேன். "அது நீங்க நினைக்குறது. பார்க்குறது என்ன?" என்பார். "நிறமில்லாத புள்ளிங்க சார். ஓரம் வழவழன்னு இருக்கு." "ம். இப்ப சொல்லுங்க." பார்த்ததற்கும் நினைத்ததற்கும் நடுவே அவர் போட்டுவைத்திருந்த கோட்டை யாரையும் தாண்ட விடமாட்டார். தானும் தாண்டமாட்டார்.

அந்த வருஷம் மழை ஓய்ந்த சமயத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்திலிருந்து இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பெயர் செல்வி. ரத்தமும் சளியுமாகப் போய்க்கொண்டிருந்தது. கண் குழிந்து, தோலைக் கிள்ளினால் கிள்ளின இடத்திலேயே நின்றது. அவளுடைய தம்பி, கைக்குழந்தை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தான். அம்மா தனம் எழுந்து நடக்க முடியாமல் வீட்டிலேயே கிடந்தாள். அதனால் செல்வியைத் தூக்கி வந்தது கன்னியம்மா. தனத்தின் புருஷனும் கன்னியம்மாவின் புருஷனும் அண்ணன் தம்பி. ஒரே வீடு, ஒரே அடுப்பு. கன்னியம்மாவுக்குக் குழந்தை இல்லை. கூடையில் மீன் சுமந்து ஊர் ஊராகப் போய் விற்பவள். கறுத்து, உயரமாக, யாரிடமும் குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாதவள்.

செல்வியின் மலத்திலிருந்து சீதபேதிக் கிருமியைப் பிரித்தெடுப்பது கஷ்டமாக இல்லை. கிருமி வளர்க்க உறையவிடும் அகார் கூழை ஊற்றிய இளஞ்சிவப்புத் தட்டில், சாதாரணக் குடல் கிருமியான கோலி சிவப்புப் புள்ளியாக வளரும். சீதபேதிக் கிருமி நிறமில்லாமல் வளரும். செல்வியின் தட்டு முழுக்க நிறமில்லாத புள்ளிகள். சல்பா மாத்திரைக்கு அந்தக் கிருமி மசியவில்லை. மெட்ராஸிலிருந்து புது மருந்து ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார்கள். குழந்தை மெல்லத் தேறத் தொடங்கியது. எங்கள் வேலை அத்துடன் முடிந்திருக்க வேண்டும்.

ஒரு காலை வார்டு வராந்தா வழியாக வந்துகொண்டிருந்தேன். கன்னியம்மாவின் புருஷன் ஏழுமலை கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம், மண்ணில் நின்றுகொண்டிருந்தான். அவள் செல்வியைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் நின்றாள்.

"நீ இங்கியே இருந்துக்க. புள்ள தேறினா நான் வந்து தூக்கிகினு போறேன். நீ வூட்டுக்கு வராத" என்றான்.

"நா இன்னா பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. உன் வவுத்துல கீதாம். சுகாதாரத்து ஆளு வந்து சொல்லிட்டுப் போனாரு. நோவு வராத ஆளுதான் நோவத் தூக்கிகினு திரியுமாம். நம்ம வூட்ல எல்லாருக்கும் போச்சு. எனுக்குப் போச்சு, தம்பிக்குப் போச்சு, தனத்துக்குப் போச்சு. உனுக்கு மட்டும் இன்னா, ஒரு வாட்டி கூடப் போவல?"

"நோவு வராததும் குத்தமாய்யா?"

அவன் அழுதுகொண்டிருந்தான் என்பதை அப்போதுதான் கவனித்தேன். செத்துப்போன குழந்தையைப் புதைத்தது அவன்தான். "கெணத்துல உன்ன வுடமாட்டேன்னு சொல்றாங்க கன்னி. நா இன்னா செய்வேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டான்.

சுகாதாரத் துறையிலிருந்து வந்த அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. நோயில்லாமல் நோய்க்கிருமியைச் சுமப்பவர்கள் உண்டு. அது படித்தவர்களின் புத்தகத்தில் இருக்கும் செய்தி. ஆனால் கைக்குழந்தையைப் புதைத்த மண் காயாத ஒரு குப்பத்தில், இருபது பேருக்கு நடுவில் நின்று அதைச் சொன்னால் அது வேறு ஒன்றாகிவிடுகிறது.

ஆய்வுக்கூடத்துக்குப் போய் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் துவாலையை எடுத்து மடித்துத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். "அந்த அம்மாவோட மல மாதிரியை வாங்குங்க" என்றார்.

கன்னியம்மாவிடம் கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அத்த வச்சினு இன்னா பண்ணுவீங்க?" என்றாள். ஆனால் கொடுத்தாள். தட்டில் தேய்த்து, கிருமி வளர உடம்புச் சூட்டில் வைக்கும் பெட்டியான இன்குபேட்டரில் வைத்து மறுநாள் எடுத்தேன். சிவப்புப் புள்ளிகள் மட்டும். திரும்பவும் வாங்கினோம், இந்த முறை கொஞ்சம் இருந்தாலும் பெருகட்டும் என்று முதலில் சத்துக் குழம்பில் ஒரு நாள் வளர்த்துப் பிறகு தட்டில் தேய்த்தோம். மறுபடியும் சிவப்பு மட்டும்.

"இல்லை சார்" என்றேன், சந்தோஷமாக.

"கிடைக்கலை" என்றார் அவர். "இல்லைங்குறது வேற." கொஞ்சம் யோசித்தார். "ஒருவேளை இருந்து, நம்ம முறையில செத்துப்போகுதோ? சோதிச்சுடலாம். செல்வியோட கிருமியை எடுத்து இந்த அம்மாவோட மாதிரியில நாமே கலப்போம். கலந்ததைத் திரும்ப எடுக்க முடியுதான்னு பார்ப்போம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருத்தரோட மாதிரி வேணும்." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "என்னோடதே போதும்" என்று சொல்லிவிட்டு ஒரு குப்பியை எடுத்துக்கொண்டு போனார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு குழாய்களில் சத்துக் குழம்பு. ஒன்றில் டாக்டரின் மாதிரி, இன்னொன்றில் கன்னியம்மாவின் மாதிரி. இரண்டிலும் செல்வியின் சீதபேதிக் கிருமியைத் தாராளமாகவே விட்டேன். மறுநாள் தட்டுகளில் தேய்த்து, அதற்கும் மறுநாள் காலை எடுத்துப் பார்த்தோம். டாக்டரின் தட்டில் சிவப்பும் நிறமற்றதும் கலந்து, பொரியும் கடலையும் போல் கிடந்தன. கன்னியம்மாவின் தட்டில் சிவப்பு மட்டும். ஒரு ஓரத்தில்கூட, ஒரே ஒரு நிறமற்ற புள்ளிகூட இல்லை.

"கலக்க மறந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"திரும்பச் செய்யுங்க."

செய்தேன். அதே மாதிரிதான். அவர் அந்தத் தட்டை ஜன்னலுக்கு எடுத்துப் போனார். வெளியே கொளவாய் ஏரியின் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. வெகு நேரம் பார்த்தார். அவர் என்னிடம் கேட்கும் கேள்வியை அன்று நான் அவரிடம் கேட்டேன்: "என்ன சார் பார்க்குறீங்க?"

"ஒண்ணும் இல்லாததைப் பார்க்குறேன்" என்றார். அவர் குரல் மாறியிருந்தது. "குளோரோஃபார்ம் இருக்கா?"

அதன் பிறகு நாங்கள் செய்த சோதனையை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். தெளிந்த அகார் தட்டு ஒன்றை எடுத்து, அடியில் மையால் நடுக்கோடு போட்டேன். நேரான கம்பியைச் சுடரில் பழுக்கக் காட்டி ஆறவிட்டு, கன்னியம்மாவின் சிவப்புப் புள்ளியிலிருந்து தொட்டு, ஒரு பாதியில் சில இடங்களில் குத்தினேன். இன்னொரு பாதியில் டாக்டரின் கோலி. மறுநாள் குத்தின இடமெல்லாம் மிளகளவு வெள்ளைப் பொட்டாக வளர்ந்திருந்தது. இப்போது தட்டைக் கவிழ்த்து, மூடிக்குள் ஒரு துண்டு வடிதாளை வைத்து அதில் குளோரோஃபார்ம் சில சொட்டு விட்டேன். அந்தத் தித்திப்பு வாசனை கூடம் முழுக்கப் பரவியது. ஆவி மேலேறி அந்தப் பொட்டுகளில் இருந்த கிருமிகளைக் கொன்றுவிடும். உண்மையிலேயே செத்துவிட்டனவா என்று ஒரு பொட்டைத் தொட்டு வேறு தட்டில் தேய்த்துப் பார்த்தோம், எதுவும் முளைக்கவில்லை. அத்தனையும் பிணம். வாசனை போகும் வரை தட்டைத் திறந்து வைத்தேன். பிறகு, தளர்வாகக் காய்ச்சிய அகாரை மணிக்கட்டில் வைத்தால் சுடாத பதத்துக்கு ஆறவிட்டு, அதில் செல்வியின் சீதபேதிக் கிருமியைக் கலந்து, தட்டின் மேல் மெல்லிசாகப் பரப்பி ஊற்றினேன். அது உறைந்ததும் இன்குபேட்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் நான் வருவதற்கு முன்பே டாக்டர் வந்திருந்தார். ஆனால் கதவைத் திறக்காமல் காத்திருந்தார். "நீங்கதான் செஞ்சீங்க. நீங்கதான் எடுக்கணும்" என்றார்.

எடுத்தேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன்.

தட்டு முழுவதும் விடியற்காலைக் கண்ணாடியில் படியும் ஆவி மாதிரி மங்கலாக இருந்தது. அது செல்வியின் கிருமி. கணக்கிட முடியாத கூட்டமாக வளர்ந்து நிறைந்திருந்தது. டாக்டரின் பாதியில் அந்த மங்கல் பொட்டுகளின் மேலேயும் ஏறிப் படர்ந்திருந்தது. கன்னியம்மாவின் பாதியில், ஒவ்வொரு பொட்டைச் சுற்றிலும் ஒரு வட்டம். விரலால் துடைத்து எடுத்தது போல் அப்படி ஒரு தெளிவு. அந்த வட்டங்களின் வழியாக ஏரி தெரிந்தது. அக்கரையின் மலை தெரிந்தது.

நான் ஊற்றிய கிருமி வட்டத்தின் விளிம்பு வரை வந்து நின்றுவிட்டது. அதைத் தடுத்தது எது? பொட்டில் இருந்தவை முந்தின நாளே செத்துவிட்டனவே. நான்தானே கொன்றேன். சாவதற்கு முன் அவை அகாரில் ஊறவிட்டிருந்த ஏதோ ஒன்று, அவை செத்த பிறகும் அங்கே காவல் நின்றிருந்தது.

"கோலிசின்" என்றார் டாக்டர், என் தோளுக்குப் பின்னாலிருந்து. "ஒரு வகை விஷம். கோலிக் கிருமிங்கள்ல சிலது இதைச் செய்யும்னு முன்னாடியே கண்டுபிடிச்சிருக்காங்க. தன் இனத்துக்கு நெருங்கின கிருமியைத்தான் கொல்லும். மத்தபடி யாரையும் ஒண்ணும் செய்யாது. நான் வெளிநாட்டுல பார்த்திருக்கேன். ஆனா..." நிறுத்திவிட்டுத் துவாலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதை ஒருத்தி மீன் கூடையோட தூக்கிக்கிட்டுத் திரிஞ்சிருக்கா. ஆதியிலேர்ந்து மனுஷன் வயித்துக்குள்ள இந்தச் சண்டை நடக்குது, நமக்குத் தெரியவே இல்ல." அப்புறம் சிரித்தார். "என் குடல்ல ஒரு காவல்காரன்கூட இல்ல போலிருக்கு."

"அப்ப அவங்களுக்கு நோய் வராததுக்குக் காரணம் இதுதானே சார்?"

சிரிப்பு போய்விட்டது. "தட்டுல நடந்ததைப் பார்த்தோம். குடல்ல நடந்துதுன்னு யார் பார்த்தா? அது மட்டும் இல்ல எஸ்தர். இதனால அந்த அம்மா நிலைமை இன்னும் மோசம். இப்ப யோசிங்க, அவங்க மாதிரியில சீதபேதிக் கிருமி இருந்திருந்தாலும், நாம குழம்புல ஒரு நாள் வளர்க்கும்போது இந்தக் கோலி அதைக் கொன்னிருக்கும். நமக்குக் கிடைக்காம போனதுக்கு அர்த்தமே இல்லாம போச்சு."

அவளைக் காப்பாற்றும் என்று நினைத்த அந்த வட்டங்களே அவளுக்குச் சாட்சி சொல்ல முடியாமல் செய்துவிட்டன.

"ஒரே வழிதான். வளர்க்கக் கூடாது. உடம்புலேர்ந்து எடுத்த நிமிஷமே தட்டுல தேய்க்கணும். கோலியை வளரவிடாம அமுக்குற உப்பு சேர்த்த அகார்ல தேய்க்கணும். இந்த அம்மாவுக்கு மட்டும் இல்ல, அந்த வீட்டுல எல்லாருக்கும்."

கன்னியம்மாவுக்கு வார்டிலேயே செய்தோம், ஒரு தடவை இல்லை, பல தடவை, வேறு வேறு நாளில். குப்பத்துக்கு நான் போனேன். புதிதாக ஊற்றிய தட்டுகளைப் பிஸ்கட் டின்னில் அடுக்கி, ஈரத்துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். இறங்கி, சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் நடக்க வேண்டும். கடல் காற்றில் மணல் பறந்தது. ஒரு துகள் விழுந்தாலும் தட்டு கெட்டுவிடும். அந்த வீட்டுக்குள் போய், வாசலைச் சாக்கால் மறைத்து, ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழுமலை முறைத்துக்கொண்டே வந்தான். அவன் தம்பி வந்தான். கடைசியில் தனம் வந்தாள். நோயிலிருந்து தேறி, எழுந்து, அடுப்பு வேலை செய்யத் தொடங்கியிருந்தாள். என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எம்பொண்ணு சோறு துன்றாளா?"

"துன்றா. கன்னியம்மாதான் ஊட்டறாங்க" என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தட்டுகள் இன்குபேட்டரிலிருந்து வெளியே வந்தபோது கன்னியம்மாவுடையது ஒன்றில்கூடச் சீதபேதிக் கிருமி இல்லை. ஏழுமலையுடையதில் இல்லை. அவன் தம்பியுடையதில் இல்லை. தனத்தின் தட்டில் நிறமற்ற புள்ளிகள் வரிசையாக நின்றன. கிருமி எந்த இனம் என்று காட்டும் சீரத்தை விட்டுப் பார்த்தோம். செல்வியிடம் இருந்த அதே கிருமி.

தனத்துக்கு நோய் நின்றுவிட்டது, கிருமி நிற்கவில்லை. அந்த வீட்டில் சமைப்பவள், தண்ணீர் மொள்பவள், பால் கொடுத்தவள் அவள்தான்.

"சொல்லணுமா சார்?" என்றேன்.

"கன்னியம்மா மேல இருக்குற பழியை எடுக்கப் போய், புள்ளையைப் பறிகொடுத்தவ மேல தூக்கிப் போட முடியாது" என்றார். ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்தார். அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. "மருந்து கொடுத்தா தனத்துக்குச் சரியாயிடும். ஆனா அவளுக்கு மட்டும் கொடுத்தா ஊருக்கே தெரிஞ்சுடும். அதனால வீட்டுல எல்லாருக்கும் கொடுப்போம். ஒரே நாள்ல, எல்லார் முன்னாலயும். கன்னியம்மாவுக்கு மட்டும் வேணாம்னு சொல்லுவோம். அதுல பொய் இல்ல. அவளுக்குத் தேவையும் இல்ல. அந்த மருந்து அவ வயித்துல இருக்குறதையும் சேர்த்துக் கொன்னுடும்."

குப்பத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் கன்னியம்மாவை ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டு, வட்டங்கள் விழுந்த அந்தத் தட்டை நன்றாக மூடி ஒட்டிக் காட்டினேன். டாக்டர்தான் காட்டச் சொன்னார். "அவங்களோடதுதானே" என்றார்.

அவள் செல்வியை இடுப்பில் வைத்தபடி குனிந்து பார்த்தாள். "இன்னாம்மா இது, நெலா மொளச்சாப்புல கீது?"

"இந்த மங்கலா இருக்கு பாருங்க, அதுதான் செல்விக்கு வந்த நோய். இந்தப் பொட்டு உங்க வயித்துலேர்ந்து எடுத்த கிருமி. அது ஒரு விஷத்தை விட்டிருக்கு. அந்த நோய் கிட்டவே வரல."

"என் வவுத்துலியா?"

"ஆமா."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. செல்வியைக் கீழே இறக்கி விட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலை நிமிர்ந்து நின்று மறுபடியும் பார்த்தாள். பெரிய மனிதர் முன்னால் நிற்பது போல் நின்றாள்.

மறுநாள் டாக்டரும் நானும் கன்னியம்மாவும் செல்வியுமாகக் குப்பத்துக்குப் போனோம். மணலில் டாக்டர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். செல்வியைப் பார்த்ததும் ஜனம் கூடிவிட்டது. கன்னியம்மா எல்லாரையும் தாண்டிப் போய்க் குழந்தையைத் தனத்தின் கையில் கொடுத்தாள். தனம் குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

டாக்டர் மாத்திரைகளை எடுத்து வைத்தார். தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும், சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பானைக்குள் கையை விட்டு மொள்ளக் கூடாது என்று வரிசையாகச் சொன்னார். வீட்டில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மாத்திரை கொடுத்தார்.

"அவுளுக்கு?" என்றான் ஏழுமலை.

"அவங்களுக்கு வேணாம்."

"இன்னா சார் நீங்க? அவுளுக்குத்தான மொதல்ல குடுக்கணும்?"

"அவங்களுக்கு எதுக்குக் கொடுக்கணும்? தேடித் தேடிப் பார்த்துட்டோம். அந்த நோய் அவங்ககிட்ட எங்களுக்குக் கிடைக்கல."

"கெடைக்கலன்னா கீதா, இல்லியா? அத்தச் சொல்லுங்க" என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல்.

டாக்டரின் கோடு எனக்குத் தெரியும். 'இல்லை' என்று அவர் சொல்லவே மாட்டார். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், கன்னியம்மாவைப் பார்த்தார். பிறகு, "கன்னியம்மா, எனக்குத் தாகமா இருக்கு. உங்க கையால கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்றார்.

கன்னியம்மா உள்ளே போனாள். போனவள் வரவே இல்லை. எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். அலைச் சத்தம்தான் கேட்டது. கடைசியில் சொம்பை முந்தானையால் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆவி பறந்தது. டாக்டர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, கொதிக்க வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அவரால் அதை வாயில் வைக்க முடியவில்லை. ஊதினார். மறுபடி ஊதினார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டர் ஒவ்வொரு மடக்காக, கண்ணில் நீர் வர, அந்தச் சொம்பைக் காலி செய்யும் வரை அங்கிருந்து ஒருவரும் நகரவில்லை. குடித்து முடித்துச் சொம்பைக் கொடுத்துவிட்டு, "போதுமா?" என்று பொதுவாகக் கேட்டார். ஏழுமலை மட்டும் முன்னால் வந்து, கன்னியம்மாவின் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

டாக்டர் கிணற்றுக்குக் குளோரின் போடப் போனார். கன்னியம்மா என்னோடு சவுக்குத் தோப்பு வரை வந்தாள்.

"எனுக்கு இல்லன்னா, அப்போ யாரு கிட்ட இருந்துச்சு?" என்று கேட்டாள்.

நான் மணலைப் பார்த்தேன்.

"வாணாம், சொல்லாத" என்றாள் உடனே. "புள்ளயக் குடுக்கச்சொல்ல அவ கையி நடுங்கிகினே இருந்துச்சு. எனுக்குப் போதும்."

கொஞ்ச தூரம் நடந்தோம். அவள் மனம் வேறெங்கோ இருந்தது. "எஸ்தரம்மா, அந்த வெசத்தக் கக்குதே, என் கிருமி. கக்கினப்புறம் அது இன்னா ஆவுது?"

அதையும் டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். "விஷத்தை விடுற கிருமி பிழைக்காது. செத்துடும். எல்லாக் கிருமியும் விடாது. எங்கியோ ஒண்ணு ரெண்டுதான். பக்கத்துல இருக்குற அதோட கூடப்பொறப்புங்களை அந்த விஷம் ஒண்ணும் செய்யாது. அதுங்க பிழைச்சுக்கும்."

கன்னியம்மா நின்றுவிட்டாள். "தெரிஞ்சா கக்குது?"

"அதுக்கு எதுவும் தெரியாது கன்னியம்மா. அது ரொம்பச் சின்ன உயிரு. கண்ணு இல்ல, மனசு இல்ல."

"தெரியாமயேவா இத்தினி பண்ணுது!" என்றாள். ஒரு கையைச் சேலைக்கு மேல் வயிற்றில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். நானும் நின்றேன். அந்தத் தட்டைக் கையில் பிடித்து நின்றபோது என்னால் சொல்ல முடியாததை அவள் சொல்லிவிட்டாள் என்று தோன்றியது.

அப்போது குப்பத்துப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. தனம். ஒரு இடுப்பில் செல்வி, இன்னொரு இடுப்பில் குடம். காற்றுக்கு மேல் கேட்கும்படி உரக்கக் கூப்பிட்டாள்.

"யக்கா! தண்ணிக்கு வரியா?"

"வந்துகினே கீறேன்!" என்று கத்திவிட்டு, என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட மறந்து, கன்னியம்மா மணலில் ஓடினாள்.